சர்ச்சை அல்ல, பொய்

2024 மார்ச் 19 அன்று பெங்களூரு நகரத்பேட்டையில் பாஜக ஓர் ஆர்ப்பாட்டம் நடத்தியது. அன்றைய ஒன்றிய வேளாண்துறை இணை அமைச்சரும் பெங்களூரு வடக்கு மக்களவைத் தொகுதியின் பாஜக வேட்பாளருமான ஷோபா கரந்தலாஜே அங்கே செய்தியாளர்களிடம் பேசினார். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கே பயிற்சி பெற்று இங்கே வந்து குண்டு வைக்கிறார்கள், உணவகத்தில் குண்டு வைத்தார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கேரளத்திலிருந்து வருகிறவர்கள் கல்லூரி மாணவிகள் மீது அமிலம் வீசுகிறார்கள் என்றும், தில்லியிலிருந்து வருகிறவர்கள் பாகிஸ்தானை வாழ்த்தி முழங்குகிறார்கள் என்றும் அதே மூச்சில் சேர்த்துச் சொன்னார். மக்களவைத் தேர்தல் அட்டவணை வெளியாகி, தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன.

மறுநாள் பெரும்பாலான நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் இதற்குச் சூட்டிய பெயர் ஒன்றுதான்: ‘சர்ச்சைப் பேச்சு’. மொழிக்கு மொழி எழுத்து மாறியது, சொல் மாறவில்லை. அந்தச் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

சர்ச்சை என்றால் விவாதம். விவாதத்துக்கு இரண்டு தரப்புகள் வேண்டும். இரண்டு தரப்பிலும் சொல்லத்தக்க காரணம் ஏதேனும் இருக்க வேண்டும். மேகதாதுவில் அணை கட்டலாமா, கூடாதா என்பது சர்ச்சை. ‘குண்டு வைத்தவர் தமிழ்நாட்டவர்’ என்பது அத்தகையதன்று. அது ஒரு கூற்று. உண்மையாக இருக்கலாம், அல்லது பொய்யாக இருக்கலாம். அதைச் சொன்னவரிடம் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆதாரம் எங்கே? அந்தக் கேள்வியைக் கேளாமல், ‘அமைச்சர் இப்படிச் சொன்னார், முதலமைச்சர் அதைக் கண்டித்தார்’ என்று இரண்டையும் அருகருகே அச்சிட்டுவிட்டு நடுநிலை காத்ததாகப் பெருமை கொள்வது இதழியல் ஆகாது. பொய்க்கும் உண்மைக்கும் சம இடம் கொடுப்பவர் உண்மையில் பொய்க்குத்தான் இடம் கொடுக்கிறார்.

வழக்கு சொன்னது என்ன?

மார்ச் 1 அன்று பெங்களூரு புரூக்ஃபீல்டு பகுதியில் உள்ள ராமேஸ்வரம் கஃபே உணவகத்தில் குண்டு வெடித்துப் பலர் காயமடைந்தனர். மார்ச் 3 அன்று தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ வழக்கைத் தன் கையில் எடுத்தது. மார்ச் 6 அன்று, குண்டு வைத்தவரைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்தது. சதியில் தொடர்புடையவர் என ஒருவரைக் கைது செய்ததை அது வெளியிட்டது மார்ச் 28 அன்று. முதன்மைக் குற்றவாளிகள் எனக் கூறப்படும் இருவர் மேற்கு வங்கத்தில் பிடிபட்டது ஏப்ரல் 12 அன்று. அவ்விருவரும் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் தீர்த்தஹள்ளியைச் சேர்ந்தவர்கள். செப்டம்பர் 9 அன்று நால்வர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இந்தத் தேதிகளை மார்ச் 19க்கு முன்னும் பின்னும் வரிசைப்படுத்திப் பார்த்தாலே போதும். புலனாய்வு முகமையே ஊரறிய யாரையும் பெயர் சுட்டாத வேளையில், அந்த முகமையைத் தன் கையில் வைத்திருக்கும் ஒன்றிய அரசின் அமைச்சர் ஒருவர் குற்றவாளியின் மாநிலத்தை அறிவிக்கிறார். அவருக்கு உண்மையிலேயே ஏதோ தெரிந்திருந்தது என்றால், நடந்துகொண்டிருந்த புலனாய்வின் இரகசியத்தைத் தேர்தல் மேடையில் அவிழ்த்துவிட்டார் என்றாகும். எதுவும் தெரியாமல் சொன்னார் என்றால், ஒரு மாநிலத்து மக்கள் மீது கொலைபாதகப் பழியைச் சுமத்தினார் என்றாகும். இரண்டில் எது என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டியவர்களின் கையில் அன்று ஒலிவாங்கிகள் இருந்தன.

குற்றம் சாட்டப்பட்டோர் இடையில் சென்னையில் தங்கியிருந்ததாகப் புலனாய்வில் வெளிவந்தது. அதைக் காட்டி, ‘அமைச்சர் சொன்னது முற்றிலும் தவறில்லையே’ என்று வாதிட்டோர் உண்டு. ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்கியவரின் குற்றம் அந்த ஊராரின் குற்றமாகும் என்றால், அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரின் மக்களை என்னவென்று சொல்வது? சிவமொக்கா பாஜகவின் கோட்டை. கர்நாடகத்தின் முன்னாள் முதலமைச்சர் எடியூரப்பாவின் மாவட்டம். ‘சிவமொக்காவிலிருந்து வருகிறவர்கள் குண்டு வைக்கிறார்கள்’ என்று ஷோபா கரந்தலாஜே பேசியிருப்பாரா? பேசமாட்டார், பேசவும் கூடாது. குற்றம் செய்தவருக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. மாநிலத்தையும் மொழியையும் மதத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதிக்கு உதவாது. வாக்குக்கு மட்டுமே உதவும்.

ஏப்ரல் 12 அன்று நடந்தது இதைத் தெளிவாக்கியது. கைது நடந்த செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் பாஜகவின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் அமித் மாளவியா, மம்தா பானர்ஜி ஆட்சியில் மேற்கு வங்கம் பயங்கரவாதிகளின் புகலிடமாகிவிட்டது என்று எழுதினார். மார்ச்சில் தமிழ்நாடும் கேரளமும்; ஏப்ரலில் மேற்கு வங்கம். வழக்கு நகர நகரப் பழியும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நகர்ந்தது. இவை மூன்றுமே அப்போது பாஜக ஆளாத மாநிலங்கள். மூன்றுமே 2026இல் சட்டமன்றத் தேர்தல் காணும் மாநிலங்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

யாருக்கு மன்னிப்பு?

கண்டனம் எழுந்ததும் அன்றிரவே ஷோபா கரந்தலாஜே சமூக ஊடகத்தில் ஒரு விளக்கம் வெளியிட்டார். தமது சொற்கள் வெளிச்சம் பாய்ச்சும் நோக்கம் கொண்டவை, நிழல் வீழ்த்தும் நோக்கம் கொண்டவை அல்ல என்று கவித்துவமாகத் தொடங்கினார்; கிருஷ்ணகிரிக் காட்டில் பயிற்சி பெற்றவர்களை மட்டுமே குறிப்பிட்டதாகச் சொன்னார்; தமிழ்ச் சகோதர சகோதரிகளின் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டினார்; பேச்சைத் திரும்பப் பெற்றார். திமுகவின் புகாரை அடுத்துத் தேர்தல் ஆணையம் மார்ச் 20 அன்று, நடவடிக்கை எடுத்து 48 மணி நேரத்துக்குள் அறிக்கை தருமாறு கர்நாடகத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு உத்தரவிட்டது. மதுரை மாநகரக் காவல்துறையும் வழக்குப் பதிவு செய்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 26 அன்று முடிந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார். ஜூன் மாதம் மீண்டும் இணை அமைச்சரானார். இம்முறை அவருக்குக் கிடைத்த துறைகளில் தொழிலாளர் நலத்துறையும் ஒன்று. செப்டம்பர் முதல் வாரத்தில் அவரது மன்னிப்பைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டதைப் பதிவு செய்து, சென்னை உயர் நீதிமன்றம் மதுரை வழக்கை ரத்து செய்தது.

சட்டத்தின் கணக்கு அத்துடன் முடிந்தது. அரசியலின் கணக்கு முடியவில்லை. புண்பட்டவர் மனம் பற்றிப் பேசிய அந்த விளக்கம், சொன்னது பொய் என்று எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. பொய்யை ஒப்புக்கொள்ளாத மன்னிப்பு, கேட்பவரின் பெருந்தன்மையையே பேசும். சொன்னவரின் தவற்றைப் பேசாது.

அதைவிட முக்கியமானது, மன்னிப்பின் எல்லை. அது தமிழருக்கு மட்டும் கேட்கப்பட்ட மன்னிப்பு. கேரள மக்களுக்கு அதில் இடமில்லை. தட்சிண கன்னட மாவட்டம் கடபாவில் ஒரு தனிமனிதர் செய்த அமில வீச்சுக் கொடுமையை ஒரு மாநிலத்தின் இயல்பாக்கியதற்கு வருத்தமில்லை. அந்த ஆர்ப்பாட்டமே தொழுகை அழைப்பு நேரத்தில் பக்திப்பாடல் ஒலிக்கச் செய்தார் என்று ஒரு கடைக்காரர் தாக்கப்பட்டதாகக் கூறி, நகரின் இஸ்லாமியர்களை நோக்கி நடத்தப்பட்டது. தமிழ்நாடு என்ற சொல் அந்தப் பேச்சின் மேற்பூச்சு. உள்ளிருந்த இலக்கு வேறு. ஊடகங்களின் மாலைநேர விவாதங்கள் தமிழர் தன்மானத்தைச் சுற்றியே சுழன்றன. ‘தமிழர் குண்டு வைத்தார்கள்’ என்பது அவமதிப்பு என்றால், ‘இஸ்லாமியர் குண்டு வைப்பார்கள்’ என்று நாள்தோறும் ஒலிபரப்பாவதும் அதே அளவு அவமதிப்பே. முதலாவதற்குக் கொதித்து இரண்டாவதற்கு மௌனம் காப்பவரின் கோபம் பாதிக் கோபம். பாஜகவுக்கு அந்தப் பாதிக் கோபம் தொல்லையன்று. தமிழரை விலக்கிவிட்டு எஞ்சியவர்களை இலக்காக்கி நடக்க அது வழிவிடுகிறது.

உயிரோடிருந்த ‘தியாகி’

பேசியவர் இப்படிப் பேசுவது முதல்முறையன்று என்பதையும் கேமராவின் பின்னால் நின்றவர்கள் அறிவார்கள். 2017 ஜூலையில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஷோபா கரந்தலாஜே அன்றைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங்குக்குக் கடிதம் எழுதினார். கர்நாடகத்தில் ஜிகாதி சக்திகளால் கொல்லப்பட்டவர்கள் என இந்து அமைப்புகளைச் சேர்ந்த 23 பேரின் பட்டியலை இணைத்தார். தொலைக்காட்சி விவாதங்களில் அந்த எண்ணிக்கை அப்படியே எதிரொலித்தது. ஸ்க்ரோல் இணைய இதழின் செய்தியாளர் மட்டும் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடிப் போனார். பட்டியலின் முதல் பெயருக்கு உரியவர் உயிரோடு இருந்தார்.

இதழியல் என்றால் அதுதான். அதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பும், ஒரு பேருந்துப் பயணமும், ‘சரிபார்க்காமல் வெளியிடமாட்டேன்’ என்ற பிடிவாதமும் போதும். அது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகாத நிலையில் அதே தலைவர் மீண்டும் ஒரு பழியைச் சுமத்தியபோது, அந்தப் பழைய பட்டியலை நினைவூட்டிய தலைப்புச் செய்திகள் எத்தனை? ஊடகத்துக்கு மறதி நோய் இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன் பேசியதைத் தேடி எடுக்க அதற்கு இருபது நிமிடம் போதும். மறதி ஆளுங்கட்சிக்கு மட்டும் வழங்கப்படும் சலுகை.

அதே வாரம் தில்லியில்

நகரத்பேட்டைப் பேச்சு நடந்த வாரத்தில் நாடு பேச வேண்டியிருந்த செய்தி வேறு ஒன்று. தேர்தல் பத்திரத் திட்டம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 15 அன்று தீர்ப்பளித்திருந்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் முதல் தொகுதி விவரங்களை வெளியிட்டது. பத்திர எண்களை மறைத்த பாரத ஸ்டேட் வங்கியை மார்ச் 18 அன்று நீதிமன்றம் கண்டித்து, மார்ச் 21க்குள் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னது. 2019 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை பாஜக மட்டும் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்களைப் பணமாக்கியிருந்தது. பத்திரமே வாங்காத இடதுசாரிக் கட்சிகளுக்கு அதைப் பேசும் தகுதி இருந்தது; பேச அவர்களுக்குத் திரை கொடுக்கப்படவில்லை. யார் கொடுத்தார், எந்தச் சோதனைக்குப் பிறகு கொடுத்தார், எந்த ஒப்பந்தம் பெற்றார் என்று கேட்க வேண்டிய வாரத்தில் பெங்களூருவில் யார் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி பிரைம் டைமை நிரப்பியது.

அதே வாரத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. மார்ச் 20 அன்று, ஷோபா கரந்தலாஜே பேசிய மறுநாள், பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு ஒன்றிய அரசு சட்ட அதிகாரம் அளித்து அறிவிக்கை வெளியிட்டது. ஒன்றிய அரசு குறித்து வெளிவரும் செய்திகளில் எது பொய் என்பதை ஒன்றிய அரசே முடிவு செய்யும். பொய் என்று அது சொன்னதை நீக்காத சமூக ஊடக நிறுவனம் சட்டப் பாதுகாப்பை இழக்கும். ஆளுங்கட்சியின் அமைச்சர் ஒரு மாநிலத்தின் மீது பொய்ப்பழி சுமத்தினால் அந்தப் பிரிவுக்கு அது வேலையன்று. அந்த அமைச்சரின் அரசைப் பற்றிக் குடிமகன் எழுதினால் அது வேலை. மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைக்குத் தடை விதித்தது. செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது.

அந்த விதியைக் கொண்டுவந்த மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் இணை அமைச்சராக அப்போது இருந்தவர் ராஜீவ் சந்திரசேகர். அவர் நிறுவிய பெங்களூரு ஜுபிடர் கேபிட்டல் நிறுவனத்தின் முதலீட்டில் இயங்குவது ஏசியாநெட் நியூஸ் குழுமம். கன்னடத்தின் சுவர்ணா நியூஸ் அலைவரிசையும் கன்னடப் பிரபா நாளேடும் அக்குழுமத்தைச் சேர்ந்தவை. செய்தியின் உரிமையாளரும், செய்தியை ஒழுங்குபடுத்தும் அமைச்சரும், தேர்தலில் நின்ற கட்சிக்காரரும் ஒரே மனிதராக இருந்த நாட்டில், ஊடகத்தின் பொறுப்புடைமையை ஊடகமே பார்த்துக்கொள்ளும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

ஒரு லட்சம் ரூபாய் நீதி

அப்படியானால் யாரிடம் முறையிடுவது? அச்சு ஊடகத்துக்கு இந்தியப் பத்திரிகை மன்றம் இருக்கிறது. அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதற்கு மேல் எதுவும் செய்ய இயலாது. தொலைக்காட்சிக்கு, அலைவரிசை முதலாளிகளின் சங்கமே அமைத்த ஒளிபரப்புத் தர ஆணையம் இருக்கிறது. அதன் தண்டனையின் உச்சம் ஒரு லட்சம் ரூபாய். நிகழ்ச்சி ஈட்டும் லாபத்துக்கு முன்னால் அந்தத் தொகை எப்படி அச்சமூட்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது.

பெங்களூரு இதற்கு நேரடிச் சான்று. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொரோனாவைத் தப்லீக் ஜமாஅத்தின் சதியாகச் சித்திரித்து அலைவரிசைகள் இரவும் பகலும் ஒளிபரப்பின. ஊரடங்கில் உணவு வழங்கிய இஸ்லாமியத் தன்னார்வலர்கள் இந்நகரிலேயே தாக்கப்பட்டனர். வெறுப்புப் பேச்சுக்கு எதிராகப் பெங்களூருவில் இயங்கும் குடிமக்கள் குழு ஒன்று நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, நிமிடக் கணக்கோடு புகார் அளித்தது. 2021 ஜூனில் தீர்ப்பு வந்தது. நியூஸ்18 கன்னடாவுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், மன்னிப்பு அறிவிப்பு. சுவர்ணா நியூஸுக்கு ஐம்பதாயிரம் ரூபாய். டைம்ஸ் நவ்வுக்குக் கண்டனம். ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டது. நச்சு ஊரெல்லாம் பரவிய பிறகு, சில நொடிகள் ஓடி மறைந்த வாசகமே மருந்தாக வழங்கப்பட்டது.

தேர்தல் ஆணையத்தின் கதையும் வேறல்ல. 2024 மே 4 அன்று கர்நாடக பாஜக தனது எக்ஸ் பக்கத்தில் ஒரு அசைவூட்டக் காணொளியை வெளியிட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரின் உரிமையை இஸ்லாமியர் தின்று தீர்ப்பதாகக் காட்டியது அது. அதை உடனே நீக்குமாறு எக்ஸ் நிறுவனத்துக்கு ஆணையம் எழுதியது மே 7 அன்று. கர்நாடகத்தின் இறுதிக்கட்ட வாக்குப்பதிவு நாளும் மே 7தான்.

இங்கேதான் இந்தச் சூழ்ச்சியின் மையம் இருக்கிறது. தேர்தல் காலப் பொய்க்கு ஒரு கெடு உண்டு: வாக்குப்பதிவு நாள். அதுவரை உயிரோடிருந்தால் போதும். மறுநாள் அது செத்தாலும் சொன்னவருக்கு நட்டமில்லை. நீதிமன்றம், ஆணையம், தர ஆணையம் ஆகிய அனைத்தும் அந்தக் கெடுவுக்குப் பின்னர்தான் கதவைத் திறக்கின்றன. கெடுவுக்கு முன்னால் பொய்யைத் தடுக்கக்கூடிய ஒரே இடம், அது முதன்முதலில் சொல்லப்படும் இடம். ‘ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வி அங்கே எழாவிட்டால் பிறகு எத்தனை தீர்ப்புகள் வந்தாலும் வாக்கு திரும்பி வராது. தேர்தலுக்குப் பின் வரும் பொறுப்புடைமை, பிணத்துக்குச் செய்யும் வைத்தியம்.

தீயின் நினைவு

பெங்களூருத் தமிழருக்கு இது ஏட்டுப் பிரச்சினையன்று. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை அடுத்து, தமிழ் உழைப்பாளர்களின் குடிசைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் எல்லை தாண்டினர். 2016 செப்டம்பரில் பெங்களூருவில் ஒரு தமிழ் மாணவர் தாக்கப்பட்ட காணொளியும், ராமேஸ்வரத்தில் ஒரு கன்னட ஓட்டுநர் தாக்கப்பட்ட காணொளியும் இரு மாநிலத்துத் திரைகளிலும் திரும்பத் திரும்ப ஓடின. செப்டம்பர் 12 அன்று பேருந்து நிறுத்துமிடம் ஒன்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். எரிந்ததும் இறந்ததும் ஏழைகளின் உடைமை, ஏழைகளின் உயிர். காணொளியை ஓட்டியவர்களின் வீட்டுக் கண்ணாடி ஒன்றும் உடையவில்லை.

இந்த அனுபவம் உள்ள நகரத்தில் ‘தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் குண்டு வைத்தார்’ என்று ஓர் அமைச்சர் சொல்வதன் பொருள், கட்டடத் தொழிலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் நன்கு தெரியும். தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு அதன் மறுபக்கமும் தெரியும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் வேட்டையாடப்படுவதாகப் போலிக் காணொளிகள் வட மாநிலங்களில் பரப்பப்பட்டன. திருப்பூரின் ஆலைகளிலிருந்து தொழிலாளர்கள் அஞ்சி ஊர் திரும்பினர். அந்த வழக்கில் கைதான யூடியூபர் மனீஷ் காஷ்யப், 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே பாஜகவில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பெங்களூருவில் தமிழர் அச்சமூட்டும் அந்நியர். திருப்பூரில் தமிழர் அந்நியரை அச்சுறுத்தும் கொடியவர். ஊருக்கு ஏற்ப வேடம் மாறுகிறது; தொழிலாளி தொழிலாளியைக் கண்டு நடுங்க வேண்டும் என்ற நோக்கம் மாறுவதில்லை.

இதற்கு மறுமொழி தமிழ் இனவாதமும் அன்று. ‘கன்னடர் இப்படித்தான்’ என்று தமிழ்நாட்டு யூடியூப் அலைவரிசைகள் கொழுத்தியது அதே அடுப்பில் எரிந்த இன்னொரு விறகு. குண்டு வெடித்த உணவகத்தின் பெயரையே எண்ணிப் பார்க்கலாம். கன்னட நகரத்தில் தொடங்கப்பட்ட அந்த உணவகத்துக்கு, அப்துல் கலாம் பிறந்த ஊர் என்பதாலேயே அதன் நிறுவனர்கள் ராமேஸ்வரம் என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டு ஊர், இஸ்லாமியர் ஒருவரின் நினைவு, பெங்களூரு மக்களின் காலை உணவு: இவை இயல்பாகச் சேர்ந்திருந்த இடம் அது. முதலில் ஒரு குண்டு அதைப் பிளக்க முயன்றது. பதினெட்டு நாள் கழித்து ஒரு பேச்சு முயன்றது. உணவகம் எட்டு, ஒன்பது நாளில் திறந்துவிட்டது. பேச்சின் காயத்தை ஆற்றும் வேலைதான் மிச்சம்.

கௌரியின் கடைசி எழுத்து

இந்த வேலைக்குப் பெங்களூருவில் ஒரு முன்னோடி உண்டு. கௌரி லங்கேஷ் நடத்திய வார இதழ், விளம்பரம் வாங்காத இதழ். 2017 செப்டம்பர் 5 அன்று ராஜராஜேஸ்வரி நகரில் தம் வீட்டு வாசலில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அச்சுக்குப் போன அவரது கடைசித் தலையங்கம் பொய்ச்செய்தி பற்றியது. விநாயகர் சதுர்த்திக்குக் கர்நாடக அரசு தடைகள் விதித்ததாகப் பரவிய வதந்தி எங்கே பிறந்தது, யார் பரப்பினார் என்று அதில் பெயர் சொல்லி எழுதியிருந்தார். அவர் சுட்டிய போஸ்ட்கார்டு இணையதளத்தின் நிறுவனரை, 2018 மார்ச்சில் சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னதாகப் பெங்களூரு காவல்துறை கைது செய்தது: சாலை விபத்தில் காயமுற்ற சமணத் துறவியை இஸ்லாமியர் தாக்கியதாகச் செய்தி வெளியிட்ட வழக்கு அது. கௌரியின் கொலை வழக்கோ இழுத்துக்கொண்டே போகிறது. 2024 அக்டோபரில் பிணையில் வந்த இருவருக்கு விஜயபுராவில் இந்துத்துவ அமைப்புகள் மாலை சூட்டி வரவேற்பு அளித்தன. பொய்யை அம்பலப்படுத்தியவருக்குத் துப்பாக்கிக் குண்டு. அவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மாலை.

கணக்குக் கேட்பது எப்படி?

பொய்ச்செய்திக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டம் வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. கர்நாடகக் காங்கிரஸ் அரசு 2025இல் ஏழாண்டுச் சிறை வரை செல்லும் ஒரு வரைவையே தயாரித்தது. அத்தகைய ஆயுதம் எந்த ஆட்சியின் கைக்குப் போனாலும் முதலில் பாய்வது சிறு பத்திரிகை மீதும் செயல்பாட்டாளர் மீதும்தான். நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் ஊபா சட்டத்தில் கைது செய்தவர்கள் சொன்ன காரணங்களை நாடறியும். அந்தக் கைதே செல்லாது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆள்வோரிடம் கொடுக்கப்படும் கத்தரிக்கோல் ஆள்வோரின் பொய்யை வெட்டாது.

கேட்க வேண்டியவை வேறு. அரசிடமிருந்தும் முதலாளிகளிடமிருந்தும் விலகி நிற்கும், சட்ட வலுவுள்ள ஊடக ஆணையம் வேண்டும். அபராதம் நிகழ்ச்சியின் வருவாய்க்கு ஏற்ப அமைய வேண்டும். தேர்தல் காலப் புகார்கள் வாக்குப்பதிவுக்கு முன் தீர்க்கப்பட வேண்டும். பொய் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் ஒளிபரப்பானதோ, திருத்தமும் அதே நேரத்தில், அதே அளவு ஒளிபரப்பாக வேண்டும். அரசியல் கட்சிக்காரர்கள் செய்தி நிறுவனங்களை உடைமையாக வைத்திருப்பதற்கு வரம்பு வேண்டும். மொழியின் பெயரால் பகை வளர்ப்பதை ஊழல் நடவடிக்கை என மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3ஏ) பிரிவு ஏற்கெனவே கூறுகிறது. அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

இவை வரும்வரை கட்சிக் கிளைகள் காத்திருக்கத் தேவையில்லை. பெங்களூருக் குழு செய்ததை ஒவ்வொரு மாவட்டத்திலும் செய்யலாம்: நிகழ்ச்சியைப் பதிவு செய்தல், தேதியும் நிமிடமும் குறித்தல், முதலில் அலைவரிசைக்கும் பிறகு ஆணையத்துக்கும் எழுதுதல், மறுமொழியை மக்களிடம் படித்துக் காட்டுதல். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியைப் பயன்படுத்துதல். தெருமுனைக் கூட்டத்திலும் தேநீர்க் கடையிலும் ஒரு பொய் கேட்டால், ‘சர்ச்சைதான் தோழர்’ என்று தலையசைக்காமல் ஆதாரம் கேட்டல். பெங்களூருவின் கன்னடத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் ஒரே கோரிக்கைக்கு நிற்கும் இடங்களில் இத்தகைய பொய்கள் எளிதில் முளைப்பதில்லை. அந்த இடங்களைப் பெருக்குதல்.

கடைசியாக, கட்சி ஏட்டுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். சரிபார்க்காத எண், உறுதியில்லாத மேற்கோள், எதிரியைப் பற்றியது என்பதாலேயே நம்பப்பட்ட செய்தி ஆகியவை இடதுசாரி இதழில் வந்தாலும் பொய் பொய்தான். தவறு நேர்ந்தால் அது வெளியான அதே பக்கத்தில் திருத்தம் வர வேண்டும். தன் கணக்கை ஒப்படைப்பவருக்கே பிறரிடம் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

தமிழ்நாடும் கேரளமும் மேற்கு வங்கமும் தேர்தல் காணும் வேளையில் அடுத்த ‘சர்ச்சைப் பேச்சு’ எங்கிருந்தாவது வரும். எந்த மாநிலத்தவர் மீது, எந்த மதத்தவர் மீது என்பது மட்டுமே தெரியாது. அது வந்த அன்றே, வந்த இடத்திலேயே, அதன் சரியான பெயரால் அதை அழைக்க வேண்டும்.